மேட்டுப்பாளையத்தில் ஒரு கோடை, ஊட்டியில் ஒரு கோடை: கேள்வி-பதில்

பிப்ரவரி முடிகிற நேரத்தில் வானிலை ஆய்வுத் துறை மார்ச் முதல் மே வரைக்கான கோடைக் கணிப்பை வெளியிடும். அது செய்தியில் வந்த மறுநாளிலிருந்து மலையோர ஊர்களிலிருந்தும் ஆற்றங்கரை ஊர்களிலிருந்தும் கடிதங்கள் குவிய ஆரம்பித்துவிடும். இந்த வாரம் முழுக்க அவற்றுக்கே இடம்.

மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் கோடை எப்படி இருக்கும்? ஒரே வரியில் சொல்ல முடியுமா?
(தனியார் நிறுவன ஊழியர், கோவை)

ஒரே வரியில் சொன்னால் அது உங்களுக்கும் பொருந்தாது, கோத்தகிரிக்காரருக்கும் பொருந்தாது.

மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே கணிக்கிற கணினி மாதிரி, பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. நம் வானிலைத் துறை பருவகாலக் கணிப்புக்குப் பயன்படுத்தும் மாதிரியில் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறக்குறைய 38 கிலோமீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி நேர்கோட்டில் 30 கிலோமீட்டர்தான். முதல் ஊர் கடல் மட்டத்திலிருந்து 330 மீட்டர் வாக்கில் கிடக்கிறது. இரண்டாவது 2,240 மீட்டரில் உட்கார்ந்திருக்கிறது. பாக்குத் தோப்பும் தேயிலைத் தோட்டமும் புல்வெளியும் ஒரே கட்டத்துக்குள் சிக்கிக்கொள்கின்றன. வரைபடத்தில் அந்தக் கட்டத்துக்கு ஒரே நிறம். அந்த நிறம் காட்டும் சராசரி வெப்பத்தில் யாரும் குடியிருக்கவில்லை.

அதனால் மலைப் பக்கத்து ஆட்கள் கணிப்பைப் படிக்கும் முன் மூன்று விஷயத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் ஊர் எத்தனை மீட்டர் உயரம்? மலையின் எந்தச் சரிவில் இருக்கிறது? எந்த ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கிறது? இந்த மூன்றும் தெரிந்தவருக்கு அந்த வரைபடம் உதவும். தெரியாதவருக்கு அது வெறும் வண்ணப் படம்.

மேட்டுப்பாளையத்தில் 38 டிகிரி என்றால் ஊட்டியில் எவ்வளவு?
(பள்ளி மாணவி, காரமடை)

ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். இங்கே ஏற்றம் 1,900 மீட்டர். அப்படியானால் 12 டிகிரிக்குக் கொஞ்சம் அதிகமாகக் குறையும். ஊட்டியில் 25, 26 என்று எதிர்பார்க்கலாம். மேகமும் காற்றும் சேர்ந்து இந்தக் கணக்கை இரண்டு மூன்று டிகிரி அப்படி இப்படி நகர்த்தும். பேருந்தில் போகும்போது கல்லாறு, பர்லியாறு, குன்னூர் என்று ஒவ்வொரு இடத்திலும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டாமலே காற்றைக் கவனித்துப் பாருங்கள். பாடப் புத்தகத்தில் இருப்பது முகத்திலேயே தெரியும்.

ஊட்டியில் 29 டிகிரி வந்ததற்கு அவ்வளவு பெரிய செய்தியா? எங்கள் ஊரில் அது மார்கழி மாத வெயில்!
(ஓய்வு பெற்ற ஆசிரியர், கரூர்)

பெரிய செய்திதான் ஐயா. 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் பதிவான அந்த 29 டிகிரி, 1951-க்குப் பிறகு அங்கே பதிவானவற்றில் மிக அதிகம். அந்த நாளுக்குரிய இயல்பைவிட 5 டிகிரிக்கு மேல் கூடுதல். கரூரில் இயல்பைவிட 5 டிகிரி கூடினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், ஊட்டிக்காரரின் கலக்கம் புரியும்.

இதில் என்னை உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. வெப்ப அலை என்று அறிவிக்க வானிலைத் துறைக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. சமவெளியில் குறைந்தது 40 டிகிரி, கடலோரத்தில் 37, மலையில் 30 என்று தொட்டிருக்க வேண்டும். அதோடு இயல்பைவிட நாலரை டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். ஊட்டி இரண்டாவது நிபந்தனையைத் தாண்டிவிட்டது. முதல் நிபந்தனைக்கு ஒரு டிகிரி குறைந்தது. அளவுகோலின்படி பார்த்தால் அது வெப்ப அலையே இல்லை! மின்விசிறி மாட்டக் கொக்கிகூட இல்லாத கூரைகள், குளிரை உத்தேசித்துக் கட்டிய சின்ன ஜன்னல்கள், வெயிலில் நின்று கேரட் பிடுங்குகிற பெண்கள். இவர்களுக்கு 29 டிகிரியே போதுமான துன்பம். ஆயிரம் மீட்டர் வால்பாறைக்கும் இரண்டாயிரத்துச் சொச்சம் மீட்டர் ஊட்டிக்கும் ஒரே 30 என்று வைத்திருப்பது நியாயமில்லை. உயரத்துக்கு ஏற்ப இந்த அளவுகோலை மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து. தமிழ்நாடு அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்த பிறகு இந்தக் கேள்வி இன்னும் முக்கியமாகிவிட்டது. அறிவிப்பு வந்தால்தானே நிவாரணம் வரும்?

அக்னி நட்சத்திரம் மலைக்கும் உண்டா?
(இல்லத்தரசி, பொள்ளாச்சி)

பஞ்சாங்கத்தில் எல்லோருக்கும் உண்டு. வெயிலில், உங்கள் பக்கத்துக்கு அது கொஞ்சம் பிந்தி வருகிறது என்றே சொல்ல வேண்டும்.

சித்திரை கடைசியில், மே 4 வாக்கில் கத்திரி தொடங்குகிறது. ஆனால் சூரியன் பாபநாசத்துக்கு நேர் உச்சியில் வருவது ஏப்ரல் இரண்டாவது வாரத்தில். கொடைக்கானலுக்கு 16, 17 தேதிகளில். நீலகிரிக்கு 20-ஐ ஒட்டி. மே பிறப்பதற்குள் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடும். மேகம் கூடும், சாயங்கால மழை தொடங்கும். அதனால்தான் கோவைப் பக்கம் சராசரிப் பகல் வெப்பம் ஏப்ரலில் உச்சத்தைத் தொட்டுவிட்டு மே மாதம் ஒரு டிகிரி இறங்குகிறது. சென்னைக்கும் வேலூருக்கும் மே மாதம்தான் கொடுமை. உங்கள் ஊரில் வடகமும் வற்றலும் பங்குனி கடைசிக்குள் காய்ந்தாக வேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினால், கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்ச்சில் கணவாய்க் காற்று ஏன் நெருப்பாக அடிக்கிறது?
(ஆட்டோ ஓட்டுநர், பாலக்காடு)

அப்போது காற்று கிழக்கிலிருந்து வருகிறது. காய்ந்து கிடக்கும் கொங்குச் சமவெளியைத் தடவிக்கொண்டு முப்பது நாற்பது கிலோமீட்டர் அகல வாசல் வழியாக நேராக உங்கள் ஊருக்குள் நுழைகிறது. மற்ற கேரள ஊர்களுக்கு மலை சுவராக நிற்கிறது. உங்களுக்கு மட்டும் சுவர் இல்லை. அதே வாசல்தான் மே மாதம் பொள்ளாச்சிக்குக் கடற்காற்றை அனுப்பி வைக்கிறது.

'இந்தக் கோடையில் வெப்பம் இயல்பைவிட அதிகமாக இருக்க 60 சதவீத வாய்ப்பு' என்கிறார்கள். 60 சதவீதம் வெயில் கூடும் என்று அர்த்தமா?
(மளிகைக் கடைக்காரர், உடுமலை)

இல்லை. முப்பது வருடத்துக் கோடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது கணக்குக்கு எடுப்பது 1991 முதல் 2020 வரை. அவற்றைக் குளிர்ச்சியிலிருந்து சூடு வரை வரிசையாக நிறுத்தி, பத்து பத்தாக மூன்று கூட்டமாகப் பிரியுங்கள். எதுவுமே தெரியாத ஒருவர்கூட, வரப்போகும் கோடை சூடான பத்தில் சேர மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு, அதாவது 33 சதவீதம் என்று சொல்லிவிடலாம். அது 60 ஆகிவிட்டது என்றால், கடலும் காற்றும் சூட்டுப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பொருள். எத்தனை டிகிரி கூடும் என்று அந்த எண் சொல்லாது. எந்த வாரத்தில் என்றும் சொல்லாது. சரக்கு வாங்கிப் போடலாமா என்று முடிவெடுக்க அது போதும். கல்யாணத் தேதி குறிக்கப் போதாது.

எங்கள் காபித் தோட்டத்துக்கு மார்ச்சில் மழை வருமா? கணிப்பில் 'இயல்பான கோடை மழை' என்று போட்டிருந்தால் நிம்மதியாக இருக்கலாமா?
(காபி விவசாயி, தாண்டிக்குடி)

நிம்மதியாக இருக்க முடியாது. காரணம் உங்களுக்கே தெரியும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டுக்கு மார்ச் முதல் மே வரை சராசரியாகக் கிடைப்பது சுமார் 12 சென்டிமீட்டர் மழை. வருட மழையில் எட்டில் ஒரு பங்குதான். சமவெளி விவசாயி அதைப் பெரிதாகக் கணக்கில் வைப்பதில்லை. கீழ்ப்பழனி மலையில் காபி போட்டவருக்கு வருடக் கணக்கே அந்த மழையில்தான் எழுதப்படுகிறது. மொட்டு கட்டிய செடி பனிக்காலம் முடிந்து காய்ச்சலில் கிடக்கும். மார்ச், ஏப்ரலில் ஒரே சமயத்தில் ஓர் இஞ்ச் மழை விழ வேண்டும். விழுந்தால், எட்டு பத்து நாள் கழித்து ஒரு விடியற்காலையில் தோட்டம் முழுக்க வெள்ளையாக நிற்கும். கிளைக்குக் கிளை, கணுவுக்குக் கணு கொத்துக் கொத்தாகப் பூ. தேனீக்களின் ரீங்காரம் சாலை வரைக்கும் கேட்கும். அந்த மணம் இரண்டு மூன்று நாள்தான். பிறகு இதழ்கள் பழுப்பேறி உதிர்ந்துவிடும்.

ஓர் இஞ்சுக்குப் பதிலாகக் கால் இஞ்ச் தூறிவிட்டு வானம் வெளுத்துவிட்டால்தான் வம்பு. மொட்டு பாதி உப்பி, மேற்கொண்டு விரிய ஈரமில்லாமல் அப்படியே கருகும். இப்படி அரைகுறையாகப் பெய்வதைவிடப் பெய்யாமலே இருந்திருக்கலாம் என்று சொல்ல வைக்கும் மழை அது. நல்ல மழை பெய்து பூத்துவிட்டாலும் கதை முடியவில்லை. பூத்த அன்று காலையில் மழை கொட்டினால் மகரந்தம் கரைந்து போகும். பூத்து இரண்டு மூன்று வாரத்துக்குள் இன்னொரு மழை வந்தால்தான் பிஞ்சு நிற்கும். பூ எடுக்க ஒரு மழை, காய் பிடிக்க ஒரு மழை. இரண்டுக்கும் இடையில் வெயில்.

இப்போது உங்கள் கேள்விக்கு வாருங்கள். மூன்று மாதத்து மொத்த மழை இயல்பாக இருக்கும் என்கிறது கணிப்பு. அந்த மொத்தமும் மே 20-க்குப் பிறகு பெய்தாலும் கணிப்பு பலித்ததாகத்தான் கணக்கு. உங்கள் பூ மட்டும் போயிருக்கும். அதனால் பருவகாலக் கணிப்பைப் பார்த்துத் தெளிப்பு நீருக்கான டீசலை நிறுத்திவிடாதீர்கள். குட்டையில் தண்ணீர் இருப்பு வையுங்கள். வாரா வாரம் வரும் முன்னறிவிப்பைப் பாருங்கள். உங்கள் ஊரிலேயே காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சரிவுக்குச் சரிவு மொட்டு நிலை வேறுபடும் என்பதை அவர்களைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியவர்கள் இல்லை.

தோட்டத்துக்கு ஒரு மழைமானி வைத்து, தினமும் காலை எட்டரைக்கு நோட்டில் எழுதி வாருங்கள் என்பது என் வேண்டுகோள். மலையில் ஒரு முகட்டுக்கு இந்தப் பக்கம் பெய்த மழை அந்தப் பக்கம் பெய்வதில்லை. உங்கள் தோட்டத்து மழைக்கு உங்கள் நோட்டை மிஞ்சிய சாட்சி கிடையாது.

'ஓரிரு இடங்களில் மழை' என்று தினமும் சொல்கிறார்கள். அந்த ஓரிரு இடம் எங்கள் ஊராக இருந்ததே இல்லை!
(ஜவுளிக் கடை ஊழியர், தாராபுரம்)

ஒரு பகுதியில் இருக்கும் மழைமானி நிலையங்களில் நான்கில் ஒரு பங்குக்குள் மழை பதிவானால் அது 'ஓரிரு இடங்கள்'. பாதிக்குள் என்றால் 'ஒருசில'. முக்காலுக்குள் என்றால் 'அநேக'. அதற்கும் மேல் 'பெரும்பாலான'. கோடையில் இடி மேகம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் அகலத்தில் வந்து போகும். மலையடிவாரத்தில் தொடங்கும் மேகம் தாராபுரம் வரை வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. 'அநேக இடங்களில்' என்று சொல்லும் நாளில் குடை எடுத்து வையுங்கள்.

மலையில் கோடை மழை ஏன் சொல்லி வைத்த மாதிரி மத்தியானம் மூன்று மணிக்கு மேல் பிடிக்கிறது?
(கல்லூரி மாணவர், பெரியகுளம்)

காலை வெயில் முதலில் சரிவுகளைச் சுட வைக்கிறது. சரிவை ஒட்டிய காற்று லேசாகி மேலே ஏறுகிறது. அந்த இடத்தை நிரப்பப் பள்ளத்தாக்கிலிருந்து காற்று கிளம்புகிறது. பகல் முழுக்க இந்த ஏறுகாற்று நடக்கும். கூடவே கடலிலிருந்து ஈரமும் வந்து சேர்ந்தால், மதியத்துக்குள் முகட்டுக்கு மேல் வெள்ளையாக மேகம் பொங்கும். மூன்று மணிக்கு அடிப்பாகம் கறுக்கும். அப்புறம் இடி, மழை. ராத்திரி எல்லாம் தலைகீழ். குளிர்ந்த காற்று கனத்து, சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆற்றோர ஊர்களில் விடியலில் பனிமூட்டம் நிற்பது அதனால்தான்.

இதையே நடைமுறைக்குத் திருப்பினால், மலையில் வெளி வேலையும் மலையேற்றமும் மதியம் ஒரு மணிக்குள் முடிய வேண்டும். மின்னல் தெரிந்து 30 நொடிக்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கட்டடத்துக்குள் போங்கள், மரத்தடிக்குப் போகாதீர்கள். கடைசி இடி கேட்டு அரை மணி கழித்துத்தான் வெளியே வர வேண்டும். புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் தந்த 'தாமினி' செயலி, அருகில் மின்னல் விழுவதைக் கைபேசியில் காட்டும். ஆடு மேய்க்கிறவர்கள் வீட்டில் ஒருவர் கைபேசியிலாவது அது இருக்க வேண்டும்.

கோடையில் மழை பெய்தால் நல்லதா கெட்டதா? வீட்டுக்குள்ளேயே சண்டை. எனக்குத் திராட்சை, தம்பிக்கு நெல்.
(விவசாயி, கம்பம் பள்ளத்தாக்கு)

இரண்டு பேர் சொல்வதும் சரி, அதுதான் கஷ்டம்.

பந்தலில் பன்னீர் திராட்சை கறுத்துப் பழுத்துத் தொங்கும் சித்திரையில் ஒரு மணி நேர மழை போதும். பழம் தண்ணீரை உறிஞ்சித் தோல் தாங்காமல் வெடிக்கும். வெடித்த ஒரு பழத்திலிருந்து சாறு வழிந்து கொத்தே அழுகும். இலையின் அடியில் வெள்ளைப் பூச்சாக அடிச்சாம்பல் நோய் ஏறும். ஆலங்கட்டி விழுந்தால் பேச்சே இல்லை. எனவே, பழுத்த பழத்தை விலைக்காக ஒரு வாரம் காத்திருக்க வைக்காதீர்கள். வாரக் கணிப்பில் இடிமழை என்று வந்தால் அறுத்துவிடுங்கள். அடுத்த போகத்துக்குக் கவாத்துத் தேதியை முடிவு செய்யும்போதும், பழம் எந்த மாதத்தில் பழுக்கும் என்பதை முன்னால் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

தம்பிக்கு வேண்டியது வேறு மழை. கம்பத்திலும் கூடலூரிலும் கொட்டினால் அவர் வயலுக்கு ஈரம், அவ்வளவே. ஜூன் முதல் தேதி முல்லைப் பெரியாற்றிலிருந்து முதல் போகத்துக்குத் தண்ணீர் திறக்க வேண்டுமென்றால் மழை தேக்கடிக்கு மேலே, நீர்ப்பிடிப்புப் பகுதியில் பெய்ய வேண்டும். அணையில் 104 அடிக்கு மேலிருக்கும் தண்ணீர்தான் சுரங்கம் வழியாக லோயர் கேம்ப்புக்கு வரும். அதற்குக் கீழே இருப்பது நமக்கு எட்டாது. 142 அடி என்கிற உச்ச அளவைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. மே மாதம் நாற்றங்கால் போடலாமா என்று யோசிக்கிறவர் பார்க்க வேண்டியது, 104-க்கு மேல் எத்தனை அடி இருக்கிறது என்பதைத்தான். 14,707 ஏக்கர் இருபோக நிலத்தின் தலையெழுத்து அந்தச் சில அடிகளில் இருக்கிறது. பென்னிகுவிக் கட்டிய அணை 1895-லிருந்து இந்தப் பள்ளத்தாக்கைக் காத்து வருகிறது. அதில் தண்ணீர் எவ்வளவு என்று தினமும் காலையில் செய்தித்தாளில் பார்க்கிற பழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

எல் நினோ வந்தால் கோடை காயும், போனால் குளிரும் என்று வைத்துக்கொள்ளலாமா?
(வங்கி ஊழியர், தேனி)

பாதி வைத்துக்கொள்ளலாம். பசிபிக் கடல் சூடேறிய மாரிக்காலத்தை அடுத்து வரும் கோடை இந்தியாவில் பொதுவாகக் கொதிக்கும். 2016, 2024 இரண்டுமே அப்படி. ஆனால் ஆற்றங்கரை மனிதருக்குக் கோடை என்பது வெயில் மட்டும் அல்லவே! 2016 நடுவில் எல் நினோ விடைபெற்றுவிட்டது. அந்த வருடம் கேரள மலைகளில் தென்மேற்குப் பருவமழை குறைந்தது; தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பற்றாக்குறை. 2017 ஜனவரியிலேயே வறட்சி அறிவிக்க வேண்டி வந்தது. வைகையிலும் தாமிரபரணியிலும் அந்தக் கோடை எப்படிப் போனது என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். ஆற்றுப் பள்ளத்தாக்கின் கோடை, முந்தைய ஆடியிலும் ஐப்பசியிலும் பாதி முடிவாகிவிடுகிறது. டிசம்பர் கடைசியில் அணை மட்டத்தைப் பார்ப்பவர் பிப்ரவரிக் கணிப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

அணை வற்றினாலும் பவானியில் மார்ச், ஏப்ரலில் ஓரளவு தண்ணீர் ஓடுகிறதே, எங்கிருந்து?
(நெசவாளர், சிறுமுகை)

மேலே சோலைக்காடும் புல்வெளியும் பருவமழையைப் பிடித்து வைத்துக்கொண்டு கசியவிடுகின்றன. அதோடு அப்பர் பவானி, அவலாஞ்சி, எமரால்டு என்று குந்தா நீர்மின் திட்ட அணைகளில் சேர்த்த தண்ணீரும் மின்சாரம் எடுத்த பிறகு உங்களுக்குத்தான் வருகிறது. சோலை இருந்த இடத்தில் சீகையும் தைலமரமும் நின்றால் கசிவு குறையும். சிறுமுகை மக்களுக்கு மேலே இருக்கும் முகுர்த்திப் புல்வெளியில் உரிமையும் உண்டு, அக்கறை கொள்ளும் கடமையும் உண்டு.

விடுமுறைக்குப் பிள்ளைகளை மேட்டுப்பாளையம் பவானி ஆற்றில் குளிக்க அழைத்துப் போகலாமா? கோடையில் தண்ணீர் முழங்கால் அளவுதானே?
(தாய், திருப்பூர்)

வேண்டாம் அம்மா. இதை மட்டும் தயவுசெய்து கேளுங்கள்.

நீங்கள் பார்க்கும்போது முழங்கால் அளவுதான். பாறை தெரியும், மணல் திட்டு தெரியும், பிள்ளைகள் நடுவாற்றுக்கு நடந்தே போய்விடுவார்கள். மேலே பில்லூர் அணையில் மின் உற்பத்திக்குத் தண்ணீர் திறந்தால், வானத்தில் ஒரு மேகமும் இல்லாத நாளிலேயே ஆறு மடமடவென்று ஏறும். நடுத் திட்டில் நிற்கிற பிள்ளைக்கும் கரைக்கும் நடுவே ஐந்து நிமிடம் முன்பு இல்லாத ஆழம் வந்துவிடும். கோடைக்குக் கோடை இந்த ஆற்றில் உயிர்கள் போகின்றன. பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள், பெரும்பாலும் இளம்பிள்ளைகள். கரையில் எச்சரிக்கைப் பலகை இருந்தால் அது அங்கே நடந்த ஒரு சாவுக்குப் பிறகு வைத்தது என்று எடுத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். உள்ளூர்க்காரர் 'இப்போ தண்ணி விடுவாங்க' என்று கத்தினால் சோப்பு, துணி, செருப்பு எதையும் எடுக்க நிற்காமல் கரையேறுங்கள்.

குற்றாலத்தில் சீசனுக்கு முன்னால், மே மாதம் போனால் கூட்டமில்லாமல் குளிக்கலாம் அல்லவா?
(அரசு ஊழியர், விருதுநகர்)

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் பலர் குளித்துக்கொண்டிருந்தார்கள். மலைக்கு மேலே கொட்டிய மழை திடீர் வெள்ளமாக அருவியில் இறங்கியது. 17 வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். சீசனில் பெய்வது சாரல், அருவி பல நாள் ஒரே சீராக விழும். கோடை மழை ஒரே மணி நேரத்தில் மொத்தமாகக் கொட்டும். அருவித் தண்ணீர் நிறம் மாறினாலோ, இலையும் சுள்ளியும் சேர்ந்து வந்தாலோ, சத்தம் கனத்தாலோ ஒரு நொடியும் நிற்காதீர்கள். தென்காசி மாவட்ட மலைப்பகுதிக்கு மழை எச்சரிக்கை இருக்கும் நாளில் புறப்படவே வேண்டாம்.

மார்ச்சில் காட்டுக்குள் மலையேற்றம் போகக் கூடாது என்கிறார்களே, மழையே இல்லாத மாதம் பாதுகாப்புதானே?
(மென்பொருள் ஊழியர், சென்னை)

மழை இல்லை என்பதுதான் ஆபத்து. 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணி மலையில் தீ மூண்டு, மலையேறப் போயிருந்தவர்களில் 20 பேருக்கும் மேல் இறந்தார்கள். உங்கள் வயதுக்காரர்கள் பலர்.

மத்தியானம் பள்ளத்திலிருந்து முகட்டுக்கு ஏறும் காற்றைப் பற்றி மேலே சொன்னேன் அல்லவா? மே மாதம் மழையைக் கொண்டு வருகிற அதே காற்று, மார்ச்சில் தீயை ஏற்றிக்கொண்டு வருகிறது. சரிவில் தீ மேல்நோக்கி எரியும்போது அதன் அனல் மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடும். ஆள் உயரப் போதைப்புல்லில் அது மனிதன் ஏறுவதைவிட வேகமாக ஓடும். பயந்தவர் மேல்நோக்கித்தான் ஓடுவார். தீயும் அதே திசையில்தான் வரும். ஆகவே வனத்துறை தீக்காலத்தில் பாதையை மூடினால் வருத்தப்படாதீர்கள். மூடிய பாதையில் 'உள்ளூர் ஆளை' வைத்து ஏற்பாடு செய்கிறேன் என்று யாராவது சொன்னால், அவரோடு போகாதீர்கள். கோடை மழை இரண்டு மூன்று நன்றாக விழுந்து புல் பசுமையாகும் வரை காடு விலங்குக்கும் வனக்காவலருக்கும் மட்டுமே உரியது.

ஊட்டி வெயில் உடம்பைச் சுடாது, சரியா?
(புதுமணத் தம்பதி, நாகர்கோவில்)

சுடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து சதவீதத்துக்கு மேல் கூடும். குளிர் காற்றில் உறைக்காது, ராத்திரி கண்ணாடியில் தெரியும். தொப்பியும் வேண்டும், ஸ்வெட்டரும் வேண்டும்.

இ-பாஸ் எதற்கு? மலை என்ன தனியார் சொத்தா?
(வேன் ஓட்டுநர், சேலம்)

தண்ணீருக்காக என்று எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து நீலகிரிக்கு வார நாளில் 6,000 வாகனம், வாரக் கடைசியில் 8,000; கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று வரம்பு போட்டார்கள். மலையில் தண்ணீர் குறைவாக இருக்கும் மாதத்தில்தான் நாம் அத்தனை பேரும் ஏறுகிறோம். விடுதிக் குழாயில் நாம் திறந்துவிடும் தண்ணீருக்காக, பக்கத்துத் தெருவில் குடங்கள் வரிசையில் காத்திருக்கின்றன. உங்கள் பிழைப்பு பாதிக்கப்படுவதும் உண்மை. பேருந்தும் வேனும் நிறையப் பேரை ஏற்றுவதால் தனிக் காருக்கு முன்னால் அவற்றுக்கு இடம் தர வேண்டும் என்று கேளுங்கள். அந்தக் கோரிக்கையில் நானும் உங்கள் பக்கம்.

மலையில் கோடை எப்போது முடியும்? மே கடைசி வாரத்துக்கு ஊட்டியில் அறை போட்டிருக்கிறோம்.
(மூத்த குடிமக்கள் குழு, மதுரை)

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்க இயல்பான நாள் ஜூன் 1. 2023-ல் ஜூன் 8 ஆயிற்று, 2024-ல் மே 30, 2025-ல் மே 24. அதாவது மூன்று வருடத்துக்குள்ளேயே பதினைந்து நாள் வித்தியாசம். 2025-ல் மழை முந்திக்கொண்டபோது மே 25, 26 தேதிகளில் நீலகிரிக்கும் கோவை மலைப்பகுதிக்கும் சிவப்பு எச்சரிக்கை. சுற்றுலா இடங்களை மூடினார்கள், கோடை விடுமுறைக்கு வந்தவர்கள் அறைக்குள்ளேயே இருந்தார்கள்.

வானிலைத் துறை பருவமழை தொடங்கும் தேதியை மே நடுவில் அறிவிக்கும். அது வரும் வரை ரயில் டிக்கெட்டை மட்டும் வைத்துக்கொண்டு, அறைக்கு ரத்துச் செய்தால் பணம் திரும்பும் வகையில் ஏற்பாடு செய்யுங்கள். தேதி மே 27-க்கு முன் என்றால் பயணத்தை ஒரு வாரம் முன்னுக்கு இழுங்கள். கூடலூர், தேவாலா பக்கம் போகும் எண்ணம் இருந்தால் அதை முதல் நாளிலேயே முடித்துவிடுங்கள். மேற்குச் சரிவில் மழை முதலில் இறங்கும் இடம் அது. கோத்தகிரி கிழக்குச் சரிவில் இருப்பதால் இன்னும் சில நாள் வெளிவாங்கி இருக்கும், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். மூட்டு வலி உள்ளவர்கள் இருந்தால் குடையைவிட மழைக் கோட்டு நல்லது. சரிவில் நடக்கும்போது இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும்.